வாலஸ் என்ற பெயரில் ஒரு வீடு

ஒனிஹங்கா
10 மார்ச் 2025

அப்பா,

கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்கட நம்பரை நான் எப்பவோ அழிச்சிட்டன். நீங்களும் என்ரதை அழிச்சிருப்பியள். சான்ட்ரிங்ஹாம் வீட்டு அட்ரஸ் மட்டும் மறக்கேல்ல. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஒன்பது வயசில நியூசிலாந்துக்கு வரேக்க மன்னாரில விட்ட தமிழ்தான் இது.

வியாழக்கிழமை புக்கெகோஹியில நீங்கள் செய்தது என்ன?

எங்கட புது வீட்டைப் பாக்க மதிப்பீட்டாளர் ஒருத்தர் வாறார் எண்டு பில்டர் சொன்னவர். ஆர் எண்டு சொல்லேல்ல. நான் பெயின்ற் நிறம் தெரிவுசெய்ய வந்தனான். மைக்கல் என்ர வீல்செயரை வானால இறக்கி, என்னை அதில இருத்திப்போட்டு, வானைத் தள்ளி நிப்பாட்டப் போயிட்டான். நான் உள்ள வந்தால் பெரிய படுக்கை அறைக்குள்ள ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார். தடியால சீலிங்கைத் தட்டிப் பாக்கிறார். பின்கழுத்தைக் கண்ட உடன எனக்கு விளங்கீற்று.

"அப்பா" எண்டன்.

ஆறு வருசத்துக்குப் பிறகு அந்தச் சொல் என்ர வாயால வந்தது. நீங்கள் திரும்பினியள். செயரைப் பாத்தியள். என்ர முகத்தைப் பாத்தியள். "எக்ஸ்கியூஸ் மீ" எண்டு இங்கிலிஷில சொல்லி, என்ர சில்லில கால் படாமல் ஒதுங்கி, வெளியில போயிட்டியள். ஆரோ முன்பின் தெரியாத ஆளை பஸ்ஸுக்குள்ள கடந்து போற மாதிரி. உங்கட அளக்கிற ரேப் நிலத்திலேயே கிடந்தது. மைக்கல் வந்து "அது ஆர்?" எண்டு கேட்டான். 

எங்கட அட்ரஸை உங்களுக்கு ஆர் தந்தது? நான் என்ன கோலத்தில இருக்கிறன் எண்டு பாத்திட்டுப் போகவோ வந்தனீங்கள்?

வெள்ளிக்கிழமை லோன் ஒஃபிசில இருந்து கோல் வந்தது. மதிப்பீட்டாளர் காரணம் சொல்லாமல் விலகிட்டாராம். இது முன்னாள் படையினருக்குக் குடுக்கிற வீட்டு லோன். வீடு கிட்டத்தட்ட முடிஞ்சுது எண்டு மதிப்பீட்டாளர் எழுதிக் குடுத்தால்தான் மிச்சத்தை விடுவினம். அதுக்குப் பிறகுதான் பில்டர் வீட்டுக் கதவுத் திறப்பைத் தருவார். இப்ப இருக்கிற வாடகை வீட்டைச் சொந்தக்காரர் வித்திட்டார். ஏப்ரலோட நாங்கள் வெளிக்கிட வேணும். செயர் போற மாதிரி வாடகை வீடு ஒக்லண்டில தேடிப் பாத்திருக்கிறியளோ?

கோவமெண்டால் என்னில காட்டுங்கோ. வீட்டில காட்டாதேங்கோ.

ஜனுஷா


சான்ட்ரிங்ஹாம்
15 மார்ச் 2025

மகள்,

இந்த ஒரு சொல்லை எழுதிப்போட்டுப் பேனையை மூடி வைச்சிட்டன். பிறகுதான் மிச்சம் எழுதுறன்.

எனக்கு ஒண்டும் தெரியாது. ஆண்டவர் அறிய ஒண்டும் தெரியாது. எனக்கு வந்த வேலையில இருந்த பெயர் எம். வாலஸ், முன்னாள் படைவீரர். அவ்வளவுதான். இப்பிடி எத்தினையோ பேரின்ர வீட்டைப் பாத்து எழுதிக் குடுத்திருக்கிறன். எல்லாம் வெள்ளையள், மாவோரியள், சமோவாக்காரர். என்ர வேலை சுவரோட, கூரையோட. ஆட்களோட இல்லை. அப்பிடித்தான் இவ்வளவு காலமும் சமாளிச்சனான்.

வாசலில படி இல்லை. கதவெல்லாம் அகலம். குசினி மேசை என்ர இடுப்புக்கும் கீழ. குளிக்கிற சவருக்கு வரம்பு கட்டேல்ல. எங்கேயோ சண்டைக்குப் போய்க் காலை விட்ட வயசாளி ஒருத்தர் எண்டு நினைச்சன். பாவம் எண்டும் நினைச்சன். பிறகு போனை எடுத்து, நான் வழமையாச் செய்யிற மாதிரி, "இந்த மாற்றங்களால சந்தையில வீட்டின்ர மதிப்புக் கூடாது, வாங்க வாறவை குறையலாம்" எண்டு சொல்லிப் பதிஞ்சன். அந்த வசனம் இப்பவும் என்ர குரலில போனுக்குள்ள கிடக்குது. கேக்கவும் ஏலாமல் அழிக்கவும் ஏலாமல் வைச்சிருக்கிறன்.

பிறகு சீலிங்கைத் தட்டிக்கொண்டு நிக்கேக்கதான் "அப்பா" எண்டு கேட்டுது. முதல் செயரைக் கண்டன். அதுக்குப் பிறகுதான் அதில இருக்கிறது நீ எண்டு கண்டன்.

எக்ஸ்கியூஸ் மீ எண்டு சொன்னனானோ? எனக்கு நினைவில்லை. வெளியில நடந்து போனதும் நினைவில்லை. வெங்காயத் தோட்டம் ஒண்டின்ர வேலியோரம் கார் நிண்டது மட்டும் தெரியும்.  ட்ராக்டரில வந்தவன் ஒருத்தன் இறங்கி வந்து கண்ணாடியில தட்டினான். ஹாட் அற்றாக் எண்டு நினைச்சிட்டான். தண்ணிப் போத்தல் தந்தான். 

சொந்தப் பிள்ளையின்ர வீட்டுக்கு மதிப்புப் போட எனக்கு உரிமையில்லை. அதாலதான் விலகினன். காரணம் கேட்டு ஈமெயில் வந்தது. "மகள்" எண்டு எழுத வேணும். என்ன மகள், எப்ப தொடக்கம் எண்டு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்ல? இன்னொரு ஆளைக் கெதியா அனுப்பச் சொல்லி மட்டும் எழுதினன். அனுப்புவினம். பயப்பிடாதை.

நீ ஆமியில சேர வெளிக்கிட்ட அண்டு நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. என்ர தம்பி யசீகரனை பஸ்ஸால இறக்கினவை என்ன உடுப்புப் போட்டிருந்தவை எண்டும் உனக்குத் தெரியும். அவன் திரும்பி வரேல்ல. ஆமி எண்ட சொல்லு எந்த நாட்டு ஆமியெண்டாலும் எனக்கு ஒண்டுதான். அதை இப்ப நான் கிளறேல்ல.

உனக்கு என்ன நடந்தது? எப்ப நடந்தது? எழும்பி நிக்க ஏலாதோ, இல்லை நடக்கக் கஷ்டமோ? நோகுதோ? நீ எழுதின மைக்கல்தானோ அந்த எம். வாலஸ்? உனக்கு ஆர்?

அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லேல்ல. பிரஷர்காரி. தாங்க மாட்டா. ஆறுதலாச் சொல்ல வேணும்.

அப்பா


ஒனிஹங்கா
21 மார்ச் 2025

அப்பா,

உங்கட கடிதத்தை மைக்கலுக்கு இங்கிலிஷில சொல்லிக்கொண்டு வந்தனான். தண்ணிப் போத்தல் வந்த இடத்தில அவன் எழும்பிப் போய் ஜன்னலடியில நிண்டான். அம்மாவைப் பற்றி எழுதின இடம் வந்ததும் நான் நிப்பாட்டிட்டன்.

கேட்டதுக்கு முதல் பதில் சொல்லுறன். 2022 ஜூலை, இஞ்சத்தைய குளிர்காலம். பயிற்சி முடிஞ்சு திரும்பி வரேக்க மலைப்பக்கம் ஒரு வளைவில றோட்டு உறைஞ்சு கிடந்தது. ட்ரக் வழுக்கிப் புரண்டது. ஆரிலும் பிழை இல்லை. சண்டை இல்லை, குண்டு இல்லை. நான் ஆமியில இருந்த காலம் முழுக்க ஆரையும் சுடேல்ல. பாலம் போடுற வேலைதான் செய்தனான். இடுப்புக்குக் கீழ உணர்வில்லை. எழும்பி நிக்க ஏலாது. இனியும் ஏலாது. நோவு எண்டு கேட்டால், இல்லாத இடத்தில நோகும். அது விளங்கப்படுத்தக் கஷ்டம்.

மைக்கல் வாலஸ் என்ர புருசன். அவனும் ஆமியில இருந்தவன். அடுத்த ட்ரக்கில வந்துகொண்டிருந்தவன். என்னை வெளியில இழுத்தது அவன்தான். லோனுக்கு அவன்ர பெயரில போட்டம்.

அப்பா, அம்மாவுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில நான் கண் முழிச்ச கிழமையே தெரியும். ஒவ்வொரு சனியும் நீங்கள்தான் அம்மாவை ஒனிஹங்காவுக்கு ஏத்திக்கொண்டு வந்து, செபமாலைக் கூட்டம் எண்டு கோயில் வாசலில இறக்கி விடுறனீங்கள். சனிக்கிழமை அங்க கூட்டம் ஒண்டும் இல்லை. அம்மா உங்கட கார் திரும்புமட்டும் வாசலில நிண்டிட்டு, ரெண்டு தெரு நடந்து என்ர வீட்டை வருவா. எனக்குத் தலை முழுக வார்ப்பா. மீன்குழம்பு வைப்பா. மைக்கலோட தமிழில கதைப்பா, அவன் இங்கிலிஷில பதில் சொல்லுவான், ரெண்டு பேருக்கும் எல்லாம் விளங்கும். பிறகு நீங்கள் வாற நேரத்துக்குத் திரும்பப் போய் அதே வாசலில நிப்பா.

எங்கட கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சதும் அம்மாதான்.

சத்தியம் வாங்கினது நான். "அப்பவே சொன்னன்" எண்டு நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில வந்து நிண்டு சொல்லிப்போடுவியள் எண்டு பயம். இல்லாட்டி வராமலே விட்டிடுவியள் எண்டு பயம். எது கூடப் பயம் எண்டு எனக்கு இப்பவும் தெரியாது.

புதன்கிழமை வேற மதிப்பீட்டாளர் வந்தவர். கெதியாப் பாத்து முடிச்சவர். எல்லாம் சரியாம். ஏப்ரல் தொடக்கத்தில திறப்புத் தருவினம்.

அம்மாவில பாயாதேங்கோ.

ஜனுஷா


சான்ட்ரிங்ஹாம்
30 மார்ச் 2025

ஜனுஷா,

உன்ர கடிதத்தை வேலைக்குப் போற வழியில காருக்குள்ள வைச்சு வாசிச்சன். அண்டைக்கு வேலைக்குப் போகேல்ல. வீட்டையும் போகேல்ல. எங்கேயோ கார் ஓடித் திரிஞ்சன். மூண்டு வருசமா ஒரே கட்டிலில படுத்து, ஒரே கோப்பையில சாப்பிட்ட மாதிரி இருந்த மனுசி இதை ஒளிச்சிருக்கிறா. பின்னேரம் போய்க் கதவைத் திறக்க, வழமை போல "தேத்தண்ணி போடட்டோ?" எண்டா. "ஓம்" எண்டன்.  அந்தக் கிழமை முழுக்கக் கேக்கேல்ல.

நேற்றுச் சனி. வழமை போல ஏத்திக்கொண்டு வந்து கோயில் வாசலில நிப்பாட்டினன். அவ கதவைத் திறந்தா.

"எந்தப் பக்கம்?" எண்டன்.

"என்னது?"

"பிள்ளையின்ர வீடு எந்தப் பக்கம்?"

ஒரு கால் வெளியில, ஒரு கால் காருக்குள்ள. அப்பிடியே இருந்தா. பின்னால வந்தவன் ஹோர்ன் அடிச்சான். அசையேல்ல.

"ஆர் சொன்னது?"

"அவள்தான்."

"கோவமோ?"

"எனக்குத் தெரியேல்ல விக்ரோறியா. என்னை ஏமாத்துறதுக்கு என்னையே கார் ஓட வைச்சிருக்கிறாய்."

"வேற ஆரைக் கேக்கிறது? எனக்குக் கார் ஓடத் தெரியாதே" எண்டு சொல்லிப்போட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. நான் சிரிச்சனான் எண்டு நினைக்கிறன். அது சிரிப்பாய்த்தான் இருக்க வேணும். பிறகு அவ கையால காட்டின பக்கம் ஓடினன். மூலையில நிப்பாட்டி இறக்கி விட்டன். கதவைத் திறந்த நெடுவல் பெடியன்தானே வாலஸ்? அம்மாவின்ர பையை வாங்கினான். குனிஞ்சு கன்னத்தில கொஞ்சினான். நான் இறங்கேல்ல. இறங்க ஏலாமல் இருந்தது.

இனி எழுதப்போறது முக்கியம். கவனமா வாசி.

உன்ர படுக்கை அறைச் சீலிங்கில ஒரு தண்டவாளம் பூட்டியிருக்கு. அதில தொங்குற பட்டியில ஆளை வைச்சு, மோட்டரால தூக்கிக் கட்டிலால செயருக்கு மாத்துறதுக்கு. நீ வரேக்க நான் தடியால தட்டினது அதைத்தான். ஒரு ஆளின்ர பாரத்தைத் தாங்க வேணுமெண்டால் சீலிங்குக்கு மேல குறுக்கா நல்ல மரம் வைச்சு, அதோட தண்டவாளத்தை இறுக்க வேணும். தட்டத் தட்ட எனக்கு வெறும் சத்தம்தான் கேட்டது. அங்க நிண்ட மேற்பார்வைக்காரர் மதன்குமாரைக் கூப்பிட்டன்.

"இதுக்கு மேல மரம் இருக்கோ தம்பி?"

"இருக்கு சார். பிளான்ல இருக்கு, போட்டாச்சு."

"நீர் கண்ணால பாத்தனீரோ?"

"நான் பாக்கல சார். ஆனா போட்டிருப்பாங்க."

மேல ஏறிப் பாக்க ஏணி கேட்டன். அவர் எடுக்கப் போன நேரம்தான் நீ வந்தனீ. அதுக்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நான் விலகினதால என்ர அறிக்கை ஒருத்தருக்கும் போகேல்ல. பின்னால வந்தவர் தண்டவாளம் இருக்கு எண்டு பாத்திட்டு முடிஞ்சுது எண்டு எழுதியிருப்பார். நேற்று அம்மாவைத் திருப்பி ஏத்திக்கொண்டு வந்தாப் பிறகுதான் இது எனக்கு உறைச்சது. உன்னைக் கண்ட நேரம் தொடக்கம் என்ர மண்டைக்குள்ள ஒண்டும் ஒழுங்கா நிக்கேல்ல.

மேல திறந்து பாக்காமல் அதில ஏறாதை. ஒருக்காலும் ஏறாதை. அம்மாவுக்குத் தெரிஞ்சால் பிரஷர் ஏறும் எண்டுதான் அவவிட்டச் சொல்லி விடாமல் எழுதுறன்; எனக்கு உடன பதில் போடு.

அப்பா


ஒனிஹங்கா
9 ஏப்ரல் 2025

அப்பா,

சனிக்கிழமை நடந்ததை ஆரும் ஆரோடயும் கதைக்கேல்ல.  இண்டைக்குத்தான் பேனையை எடுத்தனான்.

உங்கட கடிதம் வந்த உடன நான் அதை உடைக்கேல்ல. அம்மாவை ஏசி எழுதியிருப்பியள் எண்டு நினைச்சன். வீடு மாறுற சந்தோசத்தைக் கெடுக்க விரும்பாமல் பெட்டி ஒண்டுக்குள்ள போட்டு ஒட்டிட்டன். பதில் இல்லாததால நான் வாசிச்சிட்டன், கோவத்தில இருக்கிறன் எண்டு நீங்கள் நினைச்சிருக்கிறியள்.

வெள்ளி திறப்பு வாங்கினம். சனி காலமை சாமான் ஏத்தினம். அம்மாவை நீங்கள் நேர புக்கெகோஹிக்கே கூட்டிக்கொண்டு வாறியள் எண்டு அம்மா சொன்னவ. நீங்கள் காருக்குள்ள இருப்பியள் எண்டுதான் நான் நினைச்சன்.

முதல் வேலையா மைக்கலுக்கு அந்த மோட்டரைப் போட்டுப் பாக்க ஆசை. இவ்வளவு காலமும் அவன்தான் என்னைத் தூக்கினவன். முதுகு முறிஞ்சுபோச்சு, சொல்ல மாட்டான். நான் கட்டிலில படுத்திருந்தன். பட்டியை எனக்குக் கீழால விட்டு நாலு கொளுக்கியும் மாட்டியாச்சு. அவன்ர கையில பட்டன்.

நீங்கள் வந்த சத்தம் எனக்குக் கேக்கேல்ல. "இறக்கு! அவளை இறக்கு!" எண்டு ஒரு குரல் மட்டும். மைக்கலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பட்டனால விரலை எடுத்திட்டான். நீங்கள் சப்பாத்தோட ஓடி வந்து கொளுக்கியளை ஒவ்வொண்டாக் கழட்டினியள். உங்கட கை என்ர தோளில பட்டது. "மேல மரம் இல்லை, மேல மரம் இல்லை" எண்டு என்னைப் பாக்காமல், சீலிங்கைப் பாத்துச் சொல்லிக்கொண்டு நிண்டியள்.

மைக்கல் நம்பேல்ல. எனக்கும் நம்பிக்கையில்லை, உண்மையைச் சொல்லுறன். எங்களைப் பிரிக்க இன்னொரு வழி கண்டுபிடிச்சிட்டார் எண்டுதான் நினைச்சன். மைக்கல் என்னைத் தூக்கிச் செயரில இருத்திப்போட்டு வெளியில போய், பக்கத்துத் தோட்டத்துக்காரர் புதுசா வந்தவை எண்டு தந்த உருளைக்கிழங்கு மூட்டையளைக் கொண்டு வந்தான். என்ர பாரம் வருமட்டும் பட்டிக்குள்ள அடுக்கினான். நான் செயரை மற்ற மூலைக்கு உருட்டிப் போனாப் பிறகு பட்டனை அமத்தினான்.

மூட்டை எழும்பினது. ஒரு கணம் அந்தரத்தில நிண்டது. "பாத்தீங்களோ?" எண்ட மாதிரி மைக்கல் உங்களைத் திரும்பிப் பாத்தான்.

பிறகு முழுச் சீலிங்கும் வந்தது.

தண்டவாளம் கட்டிலின்ர தலைமாட்டை ரெண்டா வெட்டினது. என்ர தலை இருந்த இடம். தூசி அடங்கினாப் பிறகுதான் ஆக்களைத் தெரிஞ்சது. அம்மா வாசலில நிலத்தில இருந்தா. மைக்கலுக்குக் கையில பட்டன் அப்பிடியே. நீங்கள் தலையெல்லாம் வெள்ளையா நிண்டியள். உருளைக்கிழங்கு உருண்டு என்ர சில்லடிக்கு வந்தது. மேல பாத்தம். வெறும் கூரைத் தகரம். பில்டரின்ர ஆக்கள் பிறகு வந்து பாத்திச்சினம். பிளானைத் தலைகீழாப் பிடிச்சு மரத்தை மற்ற அறைக்கு மேல வைச்சிருக்கினம். மதன்குமார் அழுதார். எனக்கு அவரில கோவம் வரேல்ல. எனக்கு ஒண்டுமே வரேல்ல.

நீங்கள் மைக்கலின்ர தோளில ஒருக்காத் தட்டிப்போட்டுப் போயிட்டியள். அவன் அதைத்தான் இப்பவும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பெட்டியை உடைச்சு உங்கட கடிதத்தை வாசிச்சன். வாசிச்சுக்கொண்டே இருக்கிறன்.

வீட்டைத் திரும்பச் சரி செய்ய மே முடிவு ஆகுமாம். திரும்பி ஒனிஹங்காவுக்கே வந்திருக்கிறம். இஞ்ச மாதம் முடிய முதல் விட வேணும். எங்க போறதெண்டு தெரியேல்ல.

ஜனுஷா


சான்ட்ரிங்ஹாம்
13 ஏப்ரல் 2025

மகள்,

எங்க போறதெண்டு நீ எழுதக் கூடாது.

நான் நித்திரை கொள்ளுறதில்லை. கண்ணை மூடினால் அந்தச் சத்தம். நான் பிந்தியிருந்தால் எண்டு நினைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய் முன்வாசல் படியில இருக்கிறன். அதை விடு.

எங்கட வீட்டு முன்வாசலில அஞ்சு படி. அதுக்கு மேலால பலகையில ஒரு சரிவு போடத் தச்சனைப் பிடிச்சிருக்கிறன். குளியலறைக் கதவைக் கழட்டிப்போட்டுச் சீலை தொங்க விட்டிருக்கிறம். உன்ர பழைய அறைக்குள்ள செயர் திரும்ப இடம் காணாது. அதால நானும் அம்மாவும் அதுக்கு மாறிட்டம். எங்கட பெரிய அறை உங்களுக்கு.

அந்த உடுப்பைப் பற்றி எனக்கு இன்னும் மனம் ஆறேல்ல. ஆறும் எண்டு பொய் சொல்ல மாட்டன். யசீகரனை நினைக்காமல் என்னால அந்த நிறத்தைப் பாக்க ஏலாது. அதை நீ என்னட்டக் கேக்காதை. ஆனால் நீ இஞ்ச வர வேணும். மருமகனும் வர வேணும். அவர் என்ன சாப்பிடுவார் எண்டு அம்மா சொல்லுறா, நான் நம்பேல்ல. இவ்வளவு உறைப்போ?

அப்பா


சான்ட்ரிங்ஹாம்
29 மே 2025

அப்பா,

ஒரே வீட்டுக்குள்ள இருந்துகொண்டு கடிதம் எழுதுறன். நீங்கள் முன்னறையில நியூஸ் பாக்கிறியள். மைக்கல் உங்களுக்குப் பக்கத்தில இருந்து விளங்காமலே தலையாட்டுறான். இதை நேர சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் கேக்க வராது.

புக்கெகோஹி வீடு முடிஞ்சுது. லோன் ஒஃபிஸ் புதுசா ஒரு ஆளை அனுப்பி, அவர் கூரைக்குள்ள ஏறிப் பாத்தவர். சனிக்கிழமை போறம். உங்களுக்குத் தெரியும்.

முதல் நாள் வந்து இறங்கேக்க நீங்கள் கட்டின சரிவைப் பாத்து மைக்கலுக்குச் சிரிப்பு வந்திட்டுது. முன்முற்றம் காணாது, அதால சரிவு செங்குத்தா நிக்குது. ஊரில உள்ள வீடெல்லாம் அளக்கிற மனுசன் தன்ர வாசலுக்கு இப்பிடிக் கட்டியிருக்கிறார் எண்டான். நான் சிரிக்கேல்ல. என்னால அதில தனிய ஏற ஏலாது.

நான் ஆரையும் செயரைத் தள்ள விடுறதில்லை, அப்பா. மைக்கலையும் விடுறதில்லை. ஆஸ்பத்திரியில நேர்ஸ்மாரோட அதுக்கே சண்டை பிடிச்சனான். நீங்கள் பின்னால வந்து நிண்டு, ஒண்டும் கேக்காமல், கைபிடியில கை வைக்காமல், நிண்டுகொண்டே இருந்தியள். கனநேரம். அம்மா உள்ளுக்கிருந்து கூப்பிட்டவ. நான் "ம்" எண்டன். அதுக்குப் பிறகுதான் தள்ளினீங்கள். மேல போக உங்களுக்கு மூச்சு வாங்கினது.  அண்டு தொடக்கம் ஒவ்வொரு நாளும் தள்ளுறியள்.

நாங்கள் போனாப் பிறகு படி மறைக்குது எண்டு அந்தச் சரிவைக் கழட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில பூசை முடியச் சாப்பிட வருவம்.

ஜனுஷா